ஓபராவுக்கு அம்மா கட்டிய பட்டு

என் அம்மா தங்கப்பொண்ணு தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். ஒரு நாள்கூடக் கசங்கிய சேலையில் போனதில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சேலை, தோளில் ஊக்கு குத்திய மடிப்பு, கையில் கடிகாரம். மனு கொடுக்க வருகிறவர்கள் அவளைத் தாசில்தார் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். நிஜத் தாசில்தாருக்கு அது பொறுக்குமா? "என்னம்மா, ஒங்க வீட்ல டெய்லி கல்யாணமா?" என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். "ஆமா சார், டெய்லி" என்று சொல்லிவிட்டு ஃபைலை நீட்டியிருக்கிறாள்.

அவளைப் பெற்றவர்கள் திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாய்ங்க. நாங்க மட்டும் ஏன் கந்தையக் கட்டணும்னு ஒருத்தனும் கேக்கல" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் தம்பி சித்தார்த்துக்கும் காது புளித்துப் போயிருந்தது.

தம்பி இப்போது வியன்னாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போன ஜனவரியில் எங்களைக் கூப்பிட்டான். "அம்புட்டுக் குளிரு எனக்கு ஆகாது, நீங்க போயிட்டு வாங்க" என்று அப்பா கே.கே. நகர் வீட்டிலேயே இருந்துகொண்டார். கிளம்பும் முன்பே தம்பி போனில் சொன்னான்: ஓபராவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், முழுக்கப் பாட்டாலேயே நடத்துகிற நாடகம், என்னோடு வேலை பார்க்கிறவர்களும் வருகிறார்கள் என்று. மறுநாளே அம்மா தெற்கு மாசி வீதிக்குப் போய்ப் பட்டு எடுத்துவிட்டாள். மயில் கழுத்து நிறம், ஒரு சாண் சரிகை.

வியன்னாவில் பெட்டியைத் திறந்து அதைக் காட்டியபோது தம்பியின் முகம் சுருங்கியது.

"இதையா கட்டப்போற? இங்க இப்பல்லாம் யாரும் அப்படி உடுத்துறதில்லம்மா. ஜீன்ஸ்லதான் போறாங்க. ஒனக்கும் அக்காவுக்கும் பேன்ட், ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கேன்."

"பேன்ட்டா? குடு. குளிருக்குச் சேலைக்கு உள்ள போட்டுக்கிறேன்."

"எல்லாரும் ஒன்னையவே பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும்னுதான்டா உடுத்துறது."

இரண்டு நாள் மல்லுக்கட்டு. 'ஓபராவுக்கு என்ன உடுத்துவது' என்று இன்டர்நெட்டில் யாரோ எழுதியதைத் தம்பி வாசித்துக் காட்டினான். சாதாரண உடையே போதும் என்று அதில் இருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒருமுறை வாசித்தாள். "போதும்னுதான போட்டிருக்கு. பட்டு கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? காட்டு" என்றாள். தாலுகா ஆபீஸ்காரியிடம் விதி பேசினால் இதுதான் கதி.

கடைசியில் அவன் ஒரு கறுப்புக் கோட்டோடு வந்தான். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் இருந்தது. "சரி, பட்டே கட்டு. மேல இதப் போட்டுக்க, கழட்டாத." குளிர்தானே என்று அம்மாவும் தலையாட்டினாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். இவனைப் படிக்கவைக்க எந்தச் சேலையோடு ஆபீஸ் போனாளோ அந்தச் சேலை இவனுக்கு அசிங்கமா? ஆனால் திட்டியதோடு சரி. அவன் வாங்கி வைத்த பேன்ட்டை நான் மாட்டிக்கொண்டேன். நாகமலைப் புதுக்கோட்டையில், பல்கலைக்கழக ஆபீஸில் பத்துப் பேரை அதட்டுகிறவள், அங்கே போய் அடங்கிவிட்டேன். வெட்கக்கேடுதான்.

டிராமில் போகும்போது அம்மாவின் கழுத்துப் பொத்தானைத் தம்பியே போட்டுவிட்டான். அரங்கத்துக்குள் நுழைந்ததும், அகலமான படிக்கட்டின் கீழே அவனுடைய ஆபீஸ்காரர்கள் மூன்று பேர் நின்று கையசைத்தார்கள். இரண்டு பேர் ஜீன்ஸ். நாங்கள் படியை நோக்கித் திரும்பினோம். அதற்குள் கோட்டு வாங்கி வைக்கிற கவுண்டரிலிருந்து ஒரு பெண் அம்மாவைக் கூப்பிட்டாள். கோட்டோடு உள்ளே போகக் கூடாதாம். எல்லாரும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

தம்பிக்கு வியர்த்துவிட்டது. "என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கோட்டு இருக்கட்டும், தயவுசெய்து" என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னான். முடியாது என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் மறுபடியும் கெஞ்சினான்.

"எனக்கு என்னடா சீக்கு?" என்றாள் அம்மா.

அவளுக்கு ஆங்கிலம் புரியும் என்பதை அவன் எப்படி மறந்தான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"இல்லம்மா... வந்து..."

"என் கல்யாணத்தன்னைக்கு ஒங்கப்பா கூடப் பட்டோட வந்தேன்டா. ஊர்த்தெரு முக்குல ஏழெட்டுப் பேரு மறிச்சாய்ங்க. எங்க தெருவுல ஒங்களுக்குப் பட்டு கேக்குதா, மேல ஒரு பழைய சேலையச் சுத்திக்கிட்டு நடன்னாய்ங்க. மாட்டுக்குப் போர்த்துற மாதிரி எதையோ எறிஞ்சாய்ங்க. அதச் சுத்திக்கிட்டுத்தான் நடந்தேன். ஒங்கப்பா தலையத் தொங்கப்போட்டுட்டு வந்தாரு. பொண்ணு மாப்ள கோலம் அது!"

அவள் குரலைத் தணிக்கவே இல்லை. இதை அவள் எங்களிடம் அதுவரை சொன்னதில்லை.

"அவிங்களுக்கு வயிறு எரிஞ்சுச்சு, மூடச் சொன்னாய்ங்க. ஒனக்கு என்னடா எரியுது?"

அம்மா கழுத்துப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டைக் கவுண்டரில் கொடுத்து, டோக்கனை வாங்கிக் கைப்பையில் போட்டாள். முந்தானையை உதறிச் சரிசெய்தாள். அவ்வளவு பெரிய விளக்குகளுக்குக் கீழே அந்தச் சரிகை பளபளவென்று இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான் தம்பி. கண் கலங்கியிருந்தது.

"தெரிஞ்சாத்தான் பெத்தவள வெளிய காட்டுவியோ? போ. அந்தா நிக்கிறாகளே, அவுககிட்டக் கூட்டிட்டுப் போயி நான் யாருன்னு சொல்லு."

அவன் முன்னால் நடந்தான். அந்த மூன்று பேர் எதிரில் போய் நின்று, வாய்க்குள்ளேயே, இது என் அம்மா என்றான்.

"சத்தமாச் சொல்லுடா" என்றாள் அம்மா.

மறுபடியும் சொன்னான். படியேறிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னான்.