ஒண்டிக்கட்டைக்கு வரி இல்லை

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் வீட்டுக்கு ஒரு வரி. புருஷன் செத்தவளுக்கு அரை வரி. புருஷனை விட்டுவிட்டு வந்தவளுக்கு என்ன வரி என்று நைனார்பாளையத்தில் யாரும் யோசித்து வைக்கவில்லை. நான் அந்த ரகம். ஆடி பிறந்ததும் வசூலுக்கு வருகிறவர்கள் அண்ணன் வீட்டில் ஏறி இறங்கி, பக்கத்திலிருக்கும் என் வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். "நல்லதாப் போச்சு, உனுக்குக் காசு மிச்சம்" என்பாள் அண்ணி. மிச்சம்தான். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருகிறேன். பகல் முழுக்க ஜனம். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் கவிழ்த்து வைத்த டம்ளர் கவிழ்த்து வைத்தபடியே இருக்கும். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது பெரிய வித்தை. அரிசி எப்போதும் ஜாஸ்தியாகிவிடும். தனிமை பழகிப்போகும் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் நிறைந்த வீட்டில் இருப்பவர்கள்.

கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்றைக் கடையில் வேலை பார்க்கும் பெண் என் செல்போனில் ஏற்றிக் கொடுத்தாள். அவள் ஒரே வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. அதில் தனியாக ஆடினால் கதை நடக்காது. ஒரு கில்டில் சேர வேண்டும். கில்டு என்றால் முப்பது நாற்பது பேர் சேர்ந்த கூட்டம். எல்லாருக்கும் ஒரே கோட்டை, பொதுவில் ஒரு கஜானா. எங்கள் கில்டில் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள்தான். தலைவர் எலவனாசூர்கோட்டைக்காரர், வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். கல்வராயன் மலையில், கரியாலூரில் மரவள்ளி போடுகிற ஒருவர் இருந்தார். யார் முகமும் எனக்குத் தெரியாது. குரல் தெரியும். நான் கல்லாவில் உட்காருகிறவள் என்று தெரிந்ததும் கஜானாவை என் தலையில் கட்டினார்கள். "பொறுப்பா பாத்துக்குங்கக்கா" என்றார் தலைவர். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் கஜானா துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மதிலை உயர்த்த பொன்னும் மரமும் வேண்டும். எல்லாம் விளையாட்டுப் பொன், விளையாட்டு மரம்தான். இருந்தாலும் கொடுக்கிற கை நிஜக் கைதானே. "இஷ்டப்பட்டவங்க போடுங்கப்பா" என்றார் தலைவர். அது உண்டியல். அடுத்தவன் போட்டிருப்பான் என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயரைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தோம். அது மொய், மைக்கில் வாசிக்காத குறை. தலைவர் கொட்டிக் கொடுத்து உச்சியில் ஏறிக்கொண்டார். கம்மியாகக் கொடுத்தவர்கள் கூச்சப்பட்டு விளையாட வருவதையே குறைத்துக்கொண்டார்கள். சண்டையில் தோற்ற அன்று, நாங்கள் எல்லாம் அவர் வீட்டுப் பண்ணையாட்கள் மாதிரி தலைவர் ஏசினார்.

அப்போதுதான் நான் சொன்னேன்: "வரி போடுங்க. ஆளுக்கு வாரம் ஒரு வரி, கம்மியா, எல்லாருக்கும் ஒண்ணா. பொன்னு இல்லாதவங்க மரமா குடுக்கட்டும்." கோயில் வரி மாதிரியா என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். மதில் ஏறியது. வராமல் போனவர்களும் திரும்பி வந்தார்கள்.

ஒருவருடைய வரி மட்டும் வரவில்லை. கரியாலூர்க்காரர். மழை பிடித்தால் அவருக்கு சிக்னல் போய்விடும். மேட்டில் ஏறிப் பலாமரத்தடியில் நின்றால்தான் கிடைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"பாவம்க்கா, மலைல கஷ்டப்பட்டுக்கினு கீறாரு. அவருக்கு வுட்டுடலாம்" என்றார்கள்.

நான் மாட்டேன் என்றேன். பாதியாவது வாங்குவோம், மெதுவாக வாங்குவோம், ஆனால் வாங்குவோம் என்றேன்.

"உங்க சொத்தாக்கா போவுது? இன்னா கல்லு மனசு உங்களுக்கு" என்றது ஒரு குரல்.

வாசலைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தத்தைக் கேட்டவளுக்குத்தான் வரி இல்லை என்று விட்டுவிடுவது என்னவென்று தெரியும். எல்லாரும் சேர்ந்து அவர் பெயருக்கு நேரே 'வரி இல்லை' என்று போட வைத்தார்கள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வந்ததும் கேட்டார்: "என்னை எடுத்துட்டீங்களாக்கா?"

"ஐயோ இல்லீங்க, உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதான்" என்று தலைவர் குழைந்தார்.

நான் மெல்ல, "அரை வரி போடட்டுங்களா?" என்றேன்.

"அரை இன்னாத்துக்குங்க? நான் இன்னா அரை ஆளா? முழுசா போடுங்க. சிக்னல் கெடைக்கிறப்ப குடுக்கறேன்."

விட்டுப்போனதையும் சேர்த்து, மரமாகவே, சின்னச் சின்னச் சுமையாக அனுப்பினார். கடைசிச் சுமை வந்து சேர்ந்தபோது எனக்கும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

அந்த ஆடியில் வசூல்காரர்கள் அண்ணன் வீட்டிலிருந்து இறங்கியபோது நான் வாசலில் பணத்தோடு நின்றேன். முன்னால் வந்தவர் எனக்குப் பெரியப்பா முறை.

"எனுக்கும் ஒரு வரி போடுங்க பெரிப்பா."

"உனுக்கு இன்னாத்துக்கும்மா? ஒங்கண்ணன் குடுத்துட்டானே."

"அது அவுரு வூட்டு வரி. நான் தனியா பொங்கித் துன்றேன்."

அவருக்குக் கோபமில்லை. சங்கடம்தான். கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "தலைக்கட்டுன்னா அதுக்கு ஒரு மொறை இருக்குதும்மா. நீ ஒண்டிக்கட்ட. ஆசையா இருந்தா உண்டியல்ல போட்டுடு. எல்லாம் அம்மனுக்குத்தானே போவுது."

அம்மனுக்குப் போகிறதுதான். யார் போட்டார்கள் என்று உண்டியல் கேட்காது. அதனால்தான் எனக்கு உண்டியல் வேண்டாம். பணம் கையிலேயே கசங்கிப்போனது. நான் உள்ளே போய்விட்டேன்.

திருவிழாவன்று மாலையில் அம்மன் எங்கள் தெருவுக்கு வந்தாள். வரி கட்டிய வீட்டு வாசலில் நின்று தீபாராதனை வாங்கிக்கொண்டு நகர்வாள். நானும் கோலம் போட்டிருந்தேன். தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் தட்டில் வைத்திருந்தேன். அண்ணி ஓடி வந்து, "தட்ட இப்பிடிக் குடு, எங்களோட சேத்துக் காட்டிடலாம்" என்று வாங்கிக்கொண்டு போனாள். நல்ல மனசுக்காரி. மேளம் என் வாசலில் நிற்காமல் போனது. கோலத்தின் ஒரு ஓரம் அம்மனைத் தூக்கி வந்தவர்களின் காலில் அழிந்திருந்தது. வெறுங்கையோடு நின்று கும்பிட்டேன். அழுகை வந்தது. தெருவில் அழக்கூடாது என்று உள்ளே வந்து அழுதேன்.

அந்த வாரம் முழுக்க நான் விளையாட்டைத் திறக்கவில்லை. கடைக்குப் போனேன், வந்தேன், சோறு வடித்தேன். யாருக்கும் எதுவும் குறையவில்லை.

பிறகு ஒருநாள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது செல்போன் ஒலித்தது. கரியாலூர்க்காரர் அனுப்பியிருந்தார். பலாமரத்தடியில் நின்றுதான் அனுப்பியிருக்க வேண்டும்.

"அக்கா, எல்லாரு வரியும் வந்துடுச்சு. உங்க வரி மட்டும் இன்னும் வரல."

திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்ன ஏதென்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

வரியை உடனே கட்டியிருக்கலாம். என் கணக்கில் பொன் நிறையவே இருந்தது. கட்டவில்லை. இன்னொரு தரம் கேட்கட்டும் என்று வைத்திருந்தேன்.