எண்ணெய் மூடியில் பெயிண்ட்

பரவை ஊரைத் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. புதுப்பித்த நீராவி எஞ்சினில் உல்லாசப் பயணம் என்றதும் ஆசையாக ஏறியிருந்தேன். இறங்கியதுமே எண்ணெய் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது.

அந்த நாற்றம் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அப்பா எஞ்சின் டிரைவர். ஆயுத பூசைக்கு எங்களையும் எஞ்சின் கொட்டகைக்குக் கூட்டிப்போவார். ஒரு வருடம், சக்கர அச்சுகளுக்கு எண்ணெய் விடும் மூடிகள் மீதெல்லாம் நான் சந்தனத்தை அள்ளி அப்பிப் பொட்டு வைத்துவிட்டேன். அப்பா கத்தினார்.

"ஏ கழுத, அது எஞ்சினுக்கு வாயி! வாய அடச்சா எண்ணெய எப்படிக் குடிக்கும்?"

என் தலையிலிருந்த ஹேர்பின்னைப் பிடுங்கி, ஒவ்வொரு மூடியின் இடுக்கிலும் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். பிறகு, அச்சு கருகி ஓரமாக நின்ற இன்னொரு எஞ்சினிடம் இழுத்துப்போனார்.

"மோந்து பாரு. எண்ணெய் விடாம ஓட்டுன வண்டி இது."

இன்று ரயிலின் முன்பக்கம் போய் எஞ்சினைப் பார்த்தேன். பித்தளையெல்லாம் பளபளவென்று மின்னியது. எண்ணெய் மூடிகளை மட்டும் இடுக்கே தெரியாமல் பெயிண்டால் பூசி மெழுகியிருந்தார்கள். இளம் டிரைவர் எண்ணெய்க் கேனோடு நின்றார்.

"மூடி தெறக்கலன்னு கெளம்பும்போதே சொன்னேம்மா. போட்டோ எடுக்க ஆளு வந்தாச்சு, வண்டிய எடுன்னுட்டாங்க."

வந்ததே எனக்குக் கோபம். அத்தனை பேரும் பார்க்க, கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி மூடியைச் சுரண்ட ஆரம்பித்தேன். பயணத்தை நடத்தும் மேலாளர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மா, கைய எடுங்க! பெயிண்டு போகுதுல்ல!"