அண்டா போன நாள்

எங்கள் ஒரே மகன் காய்ச்சலில் போன பிறகு, வீட்டிலிருந்த எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நான் வாங்கும் கூலியில் வைத்தியக் கடனும் அடையவில்லை.

"சாமான் கம்மியானா பேஜாரும் கம்மி, தம்பி" என்றார் பழைய பாத்திரம் வாங்கும் பாய். நம்பினேன். விட்டத்தில் கட்டிய தூளியை அவிழ்த்து, அந்தப் புடவையையும் கொடுத்தேன். எங்கள் ஒற்றை அறை வெறிச்சென்று ஆனது.

கடைசியாக மூலையிலிருந்த அண்டாவை எடுக்க, பாய் அறையின் நடுவே நடந்தார்.

"பாத்து பாய், தூளில இடிச்சிடப் போறீங்க! இப்பத்தான் தூங்கனான்" என்று கத்தினாள் என் மனைவி.

அவர் நின்று மேலே பார்த்தார். வெறும் விட்டம். "தெரியாம வந்துட்டேம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அண்டாவோடு சுவரோரமாகச் சுற்றி வெளியே போனார்.

கடன் அடைந்தது. வீட்டில் இப்போது நிறைய இடம் இருக்கிறது. நாங்கள் இருவரும் இன்னும் சுவரோரமாகத்தான் நடக்கிறோம்.