பாக்கி முழுக்கக் கழிக்கணும்

என் மனைவி பாகீரதியிடம் மாத்திரை வாங்குவதைவிட பாஸ்போர்ட் வாங்குவது சுலபம். மலையாள தேசத்துக் கரமனையில் ஒரு மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக ஃபார்மசிஸ்ட். "ஜலதோஷம், செஃபிக்ஸிம் ரெண்டு குடுங்கோ" என்று யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. டாக்டர் சீட்டு எங்கே, அது பாக்டீரியாவுக்கான மருந்து, ஜலதோஷ வைரஸ் அதைச் சட்டையே பண்ணாது என்று கௌண்டரிலேயே வகுப்பு நடக்கும். சீட்டோடு வந்தாலும் விடமாட்டாள். பென்சிலின் போட்டு உடம்பு தடித்ததுண்டா, கிட்னியில் கோளாறு உண்டா என்று குடைவாள். ஒருமுறை என் தொண்டைப் புண்ணுக்கு ஐந்து நாள் எழுதியிருந்ததை நான் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். அன்று ரசத்தில் உப்பில்லை. மறதி என்று நான் நம்பவில்லை.

அகத்தில் அவள் பேசுவது அசல் அக்கிரகாரத் தமிழ். கடைக்குள் போனால் பாதி மலையாளம் ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்கே தெரியாது.

போன மாதம் பால்பாண்டி என்று ஒரு டைல்ஸ் வேலைக்காரன் வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கல்யாணமாகி, மனைவி சுடலைமாடத்தியோடு இங்கே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டைபாய்டு. செஃபிக்ஸிம் இருநூறு மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, பதினான்கு நாள் என்று டாக்டர் எழுதியிருந்தார். பாகீரதி இருபத்தெட்டு மாத்திரையையும் எண்ணிக் கொடுத்து, வழக்கம்போல் அழுத்திச் சொன்னாள்: "அஞ்சாறு நாள்ல காய்ச்சல் விட்டுடும். விட்டப்புறம் பாக்கி முழுக்கக் கழிக்கணும், கேட்டோ."

எட்டாம் நாள் முற்பகல் அவன் கடைக்கு வந்தான்.

"காய்ச்சல் போயிட்டுக்கா. நீங்க சொன்ன மாதிரியே பாக்கியெல்லாம் நேத்துக் காலைலயே கழிச்சாச்சு."

"மிடுக்கன்" என்றாள் பாகீரதி. அவள் வாயால் அந்தப் பட்டம் நான் இதுவரை வாங்கியதில்லை.

மத்தியானம் சாப்பிட வந்து, சாதத்தில் மோர் விட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஏன்னா, அவனுக்கு நேத்து ஏழாம் நாள்தானே. காலைல பாக்கி பதினாறு இருந்திருக்கணுமே. எப்படித் தீர்ந்தது? பதினாறையும் ஒண்ணா முழுங்கிட்டானோ? வண்டியை எடுங்கோ."

கையலம்பினாளோ இல்லையோ, ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். ஆற்றங்கரைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பில்தான் அவனுக்கு வேலை. அவனும் சுடலைமாடத்தியும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த மாத்திரையெல்லாம் எங்கே?" பாகீரதிக்கு மூச்சு வாங்கியது.

பதில் சொன்னது சுடலைமாடத்தி. "நீங்கதானக்கா கழிக்கச் சொன்னிய? இவுகளைக் கிழக்க பாக்க உக்கார வச்சு, தலையை மூணு சுத்து சுத்தி ஆத்துல போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. அவர்கள் ஊரில் நோய் இறங்கியதும் கழிப்புக் கழிப்பது என்றால் தலையைச் சுற்றி எறிந்துவிடுவது. கரமனை ஆற்று மீன்களுக்கு இனி டைபாய்டு வராது என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பாகீரதியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அவள் அங்கே கிடந்த டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள். "தப்பு உங்க மேல இல்லை. நான்தான் சொல்லத் தெரியாம சொல்லிட்டேன். காய்ச்சல் விட்டாலும் கிருமி முழுக்கச் சாகலை. பாதியில நிறுத்தினா திரும்ப வரும். அப்போ இதே மருந்து கேக்காமலும் போகலாம். பதினாலு நாளும் சாப்பிடணும். வாயில போட்டு, தண்ணி குடிச்சு முழுங்கணும்."

அந்தப் பதற்றத்திலும் சீட்டில்லாமல் மருந்து எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. டாக்டரைப் போனில் பிடித்தாள். விட்டுப்போன மூன்று வேளைக்காகக் கூட்டிப் போட வேண்டாம், இப்போதே ஒன்று, அப்புறம் பழையபடி இரண்டு வேளை, சாயங்காலம் என்னிடம் கூட்டிவா என்றார் அவர். புதுச் சீட்டு போனிலேயே வந்தது. கடைக்குக் கூட்டிப் போய்ப் பதினாறு மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு, பால்பாண்டி முதல் மாத்திரையை முழுங்குகிறவரை அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் எட்டு நாளும் வேளை தவறாமல் அவனுக்குப் போன் போயிற்று. காய்ச்சல் திரும்பவில்லை. ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் போதும் என்று சொன்ன சாயங்காலம், புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடைக்கு வந்து காலி அட்டைகளைக் காட்டிவிட்டுப் போனார்கள். நானும் அப்போது கடையில்தான் இருந்தேன். பாகீரதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கடை அடைத்து வீட்டுக்கு நடக்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

"இவன் நல்ல பையன், வந்து சொன்னான்" என்றாள். "இருபத்திரண்டு வருஷமா எத்தனை தமிழாள்கிட்ட இதையே சொல்லியிருப்பேன். வந்து சொல்லாதவாள்லாம் என்ன ஆனாளோ."

தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்றுகூட யோசிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.