செங்கோடன் வெட்டிய பச்சைக்கல்

பங்கு வெட்டுவதற்குக் கொல்லிமலையில் செங்கோடனைப் போல ஒரு கை கிடையாது. பன்றி விழுந்தாலும் சரி, பலா பழுத்தாலும் சரி, ஆள் அனுப்பி அவனைத்தான் கூப்பிடுவார்கள். கத்தியை வைக்கும் முன் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பான். அப்புறம் ஒரே வெட்டு. எந்தப் பங்கு யாருக்குப் போனாலும் முணுமுணுக்க வழி இருக்காது. இன்றைக்குச் செம்மேட்டுச் சந்தையில் அவனை மடையன் என்று கதை சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் அவன் வெட்டிய கறியைத் தின்று வளர்ந்தவர்கள்.

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். செங்கோடனும் அவன் தம்பிகள் ராசப்பனும் இளையவன் ராசுவும் ஒரே காட்டில் சாமையும் கேழ்வரகும் விதைத்து, ஒரே களத்தில் அடித்து, மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். மண் எதைக் கொடுத்தாலும் மூவருக்கும் சமம் என்பது அந்த வீட்டு வழக்கம். மூத்தவன் வெட்ட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். வெட்டுகிறவனுக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான் என்பதால் கை கோணாது. அவர்கள் அப்பனும் அப்படித்தான் செய்தான்.

அந்த ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை. பதினோராம் நாள் காலையில் மலை சரிந்து அவர்கள் காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது. விளைந்த சாமை போனதுகூடப் பெரிதில்லை, மண்ணே போய்விட்டது. இனி அங்கே பாறைமேல்தான் ஏர் ஓட்ட வேண்டும்.

காளப்பநாயக்கன்பட்டியில் பழனிமுத்து என்ற குடியானவர் கிணற்றோடு இரண்டு ஏக்கர் நிலத்தை விற்க இருந்தார். தை வரைக்கும் காத்திருப்பதாகச் சொன்னார். அது கிடைத்தால் மூன்று குடும்பமும் ஒன்றாக இருக்கலாம். கிடைக்காவிட்டால் ராசப்பன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கும் ராசு மேட்டூருக்கும் கூலியாகப் போக வேண்டியதுதான். தம்பிகள் ஆளுக்கொரு திசையாகப் போவார்கள் என்ற நினைப்பில் செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

சரிந்த இடத்தில் கிழங்கு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தோண்டப் போன அவன் பெண்சாதி கண்ணாயிதான் அந்தக் கல்லைக் கண்டாள். நெல்லிக்காய்ப் பருமன், ஆறு பட்டை. கழுவினால் உள்ளே பச்சை தெரிந்தது. மிளகு வாங்க மலையேறி வந்த பேளுக்குறிச்சி சுப்பண்ணன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“பச்சைக்கல்லாட்டம் இருக்குதப்பா. மரகதம்பாங்க. சேந்தமங்கலத்துல அருணாசலஞ் செட்டியாருகிட்டக் கொண்டுபோய்க் காட்டு. நல்ல கல்லுன்னா நெலமே வாங்கலாம்.”

உடைத்துவிடாதே என்று அவர் சொல்லவில்லை. எந்தக் கீழ்நாட்டுக்காரனுக்கு அப்படிச் சொல்லத் தோன்றும்?

அன்று சாயங்காலம் மூன்று பேரும் களத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன் பங்கை இன்னொருவன் விற்கக் கூடாது, அதுவும் அந்த வீட்டு வழக்கம். கறி, தேன், தானியம், வெள்ளிக் காப்பு என்று அவர்கள் அறிந்த எதையும் மூன்றாக்கினால் மூன்றும் சேர்ந்து பழைய மதிப்புக்கே வரும். கல்லின் சங்கதி வேறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

“நீ வெட்டுண்ணா, நான் எடுக்கறேன்,” என்றான் ராசு.

செங்கோடன் கண்ணைச் சுருக்கினான். உளியை வைத்து இரண்டே அடி. மூன்று துண்டும் அச்சில் வார்த்தது போல விழுந்தன. தெறித்த பச்சைப் பொடியைக்கூட இலையில் கூட்டி மூன்றாகப் பிரித்தான். அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான் என்று கண்ணாயி பிறகு சொன்னாள்.

மறுநாள் மூவரும் அவரவர் துண்டைத் துணியில் முடிந்துகொண்டு இறங்கிச் சேந்தமங்கலம் போனார்கள். செட்டியார் மூன்று முடிச்சையும் அவிழ்த்துத் துண்டுகளை வெள்ளைத் துணியில் வைத்தார். பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூன்றையும் விரலால் நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தினார். துணிமேல் மறுபடியும் அந்த ஆறு பட்டைக் கல் வந்தது.

“யாருப்பா உடைச்சது?”

“நானுங்க சாமி,” என்றான் செங்கோடன். “பங்கு போட்டனுங்க.”

“பச்சையா இருக்கற கல்லு எங்க வேணும்னாலும் கெடைக்கும். இந்தப் பச்சை கெடைக்காது. கெடைச்சாலும் உள்ள பூராவும் கீத்து ஓடியிருக்கும். கீத்தே இல்லைன்னா அது கண்ணாடியோன்னு சந்தேகப்படணும். நெறமும் இருந்து, உள்ள தெளிஞ்சும் இருந்து, இத்தனை பெருசாவும் இருக்கறது… எங்கப்பா காலத்துல ஒண்ணு பாத்ததாச் சொல்வாரு. நான் பாத்ததில்லை. சின்னக்கல்லு நூறு சேந்தாலும் பெரியகல்லு ஒண்ணுக்கு ஈடாகாதப்பா. அதனாலதான் அதுக்கு வெலை.”

“முழுசா இருந்திருந்தா நீங்க என்ன குடுத்திருப்பீங்க?” என்று ராசு கேட்டான்.

“நான் வாங்கியிருக்க மாட்டேன். எங்கிட்ட அத்தனை பணம் இல்லை.”

அதோடு விட்டிருக்கலாம். கல்லையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: “நடுவுல கொஞ்சம் எடந்தான் தெளிஞ்சு இருந்திருக்கு. கோணலா வெட்டியிருந்தாக்கூட ஒரு துண்டு பொழைச்சிருக்கும். சரிசமமா வெட்டினதுல உளி அங்கயே விழுந்திருக்குது. மூணுலயும் வெடிப்பு ஓடிப்போச்சு.”

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இவன் யாருக்கு என்ன கேடு நினைத்தான்? கை சுத்தமாக இருந்ததுதான் குற்றமா? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்று துண்டுக்கும் சேர்த்துச் செட்டியார் ஒரு வெள்ளாட்டு விலை கொடுத்தார். அதுவும் இரக்கப்பட்டுத்தான். திரும்பி மலையேறும்போது தம்பிகள் அண்ணனை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ராசு மட்டும், “விடுண்ணா, நான்தானே வெட்டச் சொன்னேன்,” என்றான்.

தை பிறந்தது. பழனிமுத்து நிலத்தை வேறு ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். அவர்மேல் குறை சொல்ல முடியாது, சொன்ன நாள்வரை காத்திருந்தார். ராசப்பன் பெண்டு பிள்ளைகளோடு ஏற்காட்டுக்குப் போனான். ராசு மேட்டூருக்குப் போனான். செங்கோடன் பிறத்தியார் காட்டில் கூலிக்குக் களை எடுத்தான்.

பங்குனியில் ஊர்க்காரர்கள் ஒரு பன்றி அடித்தார்கள். வழக்கப்படி அவனைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வீட்டுக்கு ஒன்றாக எல்லாப் பங்கையும் வெட்டினான். யாரும் குறை சொல்லவில்லை. தன் வீட்டுப் பங்கை இலைமேல் வைத்து, கண்ணைச் சுருக்கி, அதை மூன்றாக வெட்டினான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே நின்றான். ஈ மொய்த்தது.

“எடுத்துட்டு வாங்க, ஊட்டுக்குப் போலாம்,” என்றாள் கண்ணாயி.

“இளையவன் எடுக்காம நான் எப்படிப் புள்ள எடுக்கறது?” என்றான் செங்கோடன்.

அவள் குனிந்து மூன்று பங்கையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தாள்.