செல்வமலர் காட்டிக் கொடுத்த கதை

லண்டனில் நாங்கள் வாழும் மிச்சம் பகுதியில் செல்வமலரின் பெயரை எடுத்தால், "அண்ணனைக் காட்டிக் குடுத்தவளோ?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோட்டும் கையில் வட்டப் பலகையுமாக நின்று, பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைப்பது அவள் வேலை. பனி கொட்டினாலும் ஒருநாள் பிந்தியதில்லை.

1991 கோடையில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சடங்கு. மண்டபத்துக்குள் குடிக்கக் கூடாது. அதனாலென்ன, கார் டிக்கிதான் எங்களுக்குத் தவறணை! பட்டப்பகலில் போத்தலைத் திறந்து ஊற்றியவன் நான். மூன்று மணிக்கு அவளுடைய அண்ணன் யோகராஜா, என் சிநேகிதன், தள்ளாடியபடி காரில் ஏறினான். பின்சீற்றில் அவனுடைய ஆறு வயது மகள் சிவகௌரி.

செல்வமலர் ஓடிவந்தாள். "அண்ணை, திறப்பைத் தாங்கோ. கார் நான் ஓடுறன்."

"ஆமிக்காரன்ர சென்றிக் காவலையே தாண்டி வந்தவன் நான். நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

எல்லாரும் சிரித்தோம். அவள் நேரே டெலிபோன் பெட்டிக்குப் போய், அவசர எண் 999-ஐ அழைத்து, கார் நம்பரைச் சொன்னாள். இரண்டாவது சந்தியில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. ஒன்றரை வருஷத்துக்கு லைசென்ஸ் போயிற்று. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வீட்டிலிருந்தும் அழைப்பில்லை. துரோகியாம். சண்டைக் காலத்தில் இலங்கையில், எங்கள் ஊரில், அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆட்களை லைட் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்றியவள்மேல் அதைத் தூக்கிப் போட எங்களுக்கு நாக்குக் கூசவில்லை. டிக்கியடியில் ஊற்றிக் கொடுத்த என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட கூட்டம்.

1993-இல் ஒரு கல்யாணம். யோகராஜா கைக்கு லைசென்ஸ் திரும்பி வந்து சில மாதம்தான். அதே டிக்கி, அதே கூத்து. நான் மட்டும் தொடவில்லை. சிவகௌரி காரில் ஏற மாட்டேன் என்று நின்றாள்.

"அப்பா குடிச்சிருக்கிறார். நான் செல்வமலர் மாமியோட போறன். மாமி எங்கை?"

மாமியை நாங்கள் கூப்பிட்டால்தானே! அத்தனை பெரிய மனிதர்களும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காருக்குள் கையை விட்டுத் திறப்பைப் பிடுங்கினேன்.

யோகராஜா என் சட்டையைப் பிடித்தான். "நீயுமோடா துரோகி?"

"ஓம்" என்றேன்.