சுவருக்கு இருபுறமும் குழி

இன்று பள்ளிக்கூடம் போகிற வழியில், போளூர் சாலையில் யாரோ வீடு கட்டத் தோண்டிய கடைக்காலில் மழைத்தண்ணீர் நிரம்பி நின்றது. வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். மண்ணும் தண்ணீரும் கலந்த வாசனை, வேறொன்றுமில்லை. அது வந்தால் இன்னமும் என்னால் வண்டி ஓட்ட முடிவதில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். பல்லி விழுந்தால் வகுப்பை விட்டே ஓடுகிற டீச்சர். ஆனால் இந்தப் பயம் வேறு ரகம்.

அம்மா ஆரணியில் தனியாக இருந்தாள். எழுபதைத் தாண்டியும் தறியில் உட்காருவாள். ஒருநாள் கொல்லைப்புறத்துக் குளியலறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் பார்க்கும்வரை அங்கேயே கிடந்தாள். அதற்குப் பிறகு போன் அடித்தாலே எனக்கு உதறல். வேலூரிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் குளியலறையோடு ஓர் அறை கட்டி, அவள் பக்கத்திலேயே இருந்துவிடுவது என்று தீர்மானம்.

அம்மா சம்மதித்ததும் அதட்டலாகத்தான். "கட்டிக்கோ. என் தறி மேல தூசு வுழுந்துது, அவ்ளோதான்!"

நெசவு வீட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களுடையது குழித்தறி. தரையில் ஒரு குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். வெளிச்சத்துக்காகச் சன்னல் சுவரை ஒட்டி வெட்டியிருப்பார்கள். அந்தக் குழியில் காலாட்டி வளர்ந்தவள் நான். மண் அரிப்பைப் பற்றிப் பாடம் வேறு நடத்துகிறேன். அறை கட்ட வந்த மேஸ்திரியும் நெசவுத் தெருவிலேயே பிறந்தவர். அதே சுவருக்கு வெளிப்பக்கம் கடைக்கால் தோண்டியபோது, உட்பக்கமும் ஒரு குழி இருப்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த குழி, குழியாகவே தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. வாசலில் நின்று மேஸ்திரியிடம் கதவு எந்தப் பக்கம் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே தறிச் சத்தம் நின்றது.

"இன்னாடி இது, கால் ஜில்லுனு இருக்குது? குழியில தண்ணி வந்துகினு இருக்குது!" அம்மாவின் குரல்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. வெளியே தேங்கிய தண்ணீர் சுவருக்கு அடி வழியாக உள்ளே போகிறது. ஓட்டுக்கூரையின் பாரம் முழுவதையும் தாங்கும் பழைய சுவர், இரண்டு குழிகளுக்கு நடுவே கொஞ்சம் ஈரமண்ணில் நிற்கிறது. அதற்குக் கீழே அம்மா.

உள்ளே ஓடினேன். சன்னலுக்குக் கீழே விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். "எழுந்திரும்மா!" என்று கத்தினேன்.

"பாவு ஏறியிருக்குது. முகூர்த்தப் புடவைடி, பாதியில எப்படி உட்டுட்டு வர்றது?"

மேஸ்திரி சன்னலுக்கு வெளியிலிருந்து கத்தினார். "குழிய மூடணுங்க டீச்சர்! இல்லன்னா சுவரு நிக்காது. ஜல்தி!"

குழியை மூடத் தறியைக் கழற்ற வேண்டும். கழற்ற, தறியில் நீளவாட்டில் ஏற்றிய பாவு நூலை அறுக்க வேண்டும். முகூர்த்தப் புடவையைப் பாதியில் அறுப்பது எங்கள் தெருவில் வாயால்கூடச் சொல்லாத காரியம். மேலேயிருந்து மண் உதிர்ந்து பட்டின்மேல் விழுந்தது. கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன். இழைகள் ஒரே வெட்டில் அறுபடவில்லை, இழுத்து இழுத்து வெட்டினேன். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மா தடுக்கவில்லை. தூக்கிவிடச் சொல்லி இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். அவள் யாரிடமும் அப்படிக் கை நீட்டி நான் பார்த்ததில்லை. சுவரைவிட அதுதான் என்னைக் குலைத்துப் போட்டது.

சுவர் விழவில்லை. மாலைக்குள் குழியை மணல் கொட்டி மூடிவிட்டார்கள். புடவை சொல்லியிருந்த சேத்துப்பட்டு வீட்டாரிடம் போய்த் தலைகுனிந்து நின்றேன். நல்ல மனிதர்கள், உயிர் பிழைத்ததே போதும் என்றார்கள். புது அறையும் எழும்பிவிட்டது. வழுக்காத தரை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. தறியை மறுபடி பூட்டச் சொல்லி அம்மா கேட்கவில்லை, அந்த அறையில்தான் இருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாள், மாத்திரை போட்டுக்கொள்கிறாள், சொன்னதைக் கேட்கிறாள். இந்தச் சொன்னதைக் கேட்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"கொஞ்ச நேரம் வாசல்ல போய் உக்காரட்டுமா?"

அவள் வீடு, அவள் வாசல். நான் தலையாட்டும்வரை அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.